திவால் பட்டியலிலிருந்து எழுந்த வீடு: ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் இல்லம்

17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தைத் தேடி இந்த வீட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். அது ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. யோடன்பிரேஸ்ட்ராட் தெரு 4-ஆம் எண்ணில் பார்க்க வேண்டியது வீட்டையும், ரெம்பிராண்ட்டின் எட்சிங் படங்களையும் (செப்புத்தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து அச்சடித்தவை).

1639-இல் 13,000 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) வாங்கிய வீடு. கடனை அவர் கட்டி முடிக்கவே இல்லை. 1656-இல் திவாலானதும் அதிகாரிகள் அறை அறையாகப் புகுந்து, பாத்திரம் பண்டம் முதல் சங்கு, தலைக்கவசம் வரை 363 வரிகளில் எழுதிக்கொண்டார்கள். 1658-இல் வீடும் ஏலம் போனது.

1911-இல் மியூசியமானபோது வெறும் எட்சிங் காட்சிக்கூடம்தான். அந்தப் பட்டியலை வைத்து 17-ஆம் நூற்றாண்டு அறைகளை மறுபடி அமைத்தது 1990-களின் கடைசியில். அதனால் கட்டிலும் நாற்காலியும் அந்தக் காலத்து வகைதானே தவிர, அவர் புழங்கியவை அல்ல. இது தெரியாமல் உருகி நிற்பவர்கள் நிறைய. ஆனால் எந்த அறையில் என்ன இருந்தது என்பது ஊகமில்லை. கடன் செய்த உபகாரம்.

மாடியில் ஸ்டூடியோவின் ஜன்னல்கள் வடக்குப் பார்த்தவை. நேர்வெயில் விழாது, வரையும்போது நிழல் நகராது. வண்ணம் அரைத்துக் காட்டும் நேரம் கிடைத்தால் விடாதீர்கள்: கல்பலகையில் நிறமிப்பொடி, ஆளிவிதை எண்ணெய், கண்ணாடிக் குழவி. எண்ணெய் கூடினால் பூச்சு நாளடைவில் மஞ்சளடித்துச் சுருங்கும்.

எட்சிங் அச்சடிப்பு அதைவிட அருமை. செப்புத்தகட்டில் மெழுகுப்பூச்சு, அதில் ஊசிக்கீறல், பிறகு அமிலம். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். மை தடவி மேற்பரப்பைத் துடைப்பதில்தான் கைத்திறன். குறைவாகத் துடைத்தால் வெள்ளைப் பகுதி அழுக்காகும். அழுத்தித் துடைத்தால் பள்ளத்து மையும் வந்துவிடும். தாள் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த தாள் பள்ளத்துக்குள் இறங்காது. அமிலமில்லாமல் நேரடியாகக் கீறினால் கோட்டோரம் செம்பு பிசிறாக நிற்கும், அதுதான் வெல்வெட் போன்ற கருமை தருவது; சில டஜன் பிரதிகளிலேயே அழுத்தத்தில் நசுங்கிவிடும்.

பழைய வீட்டின் படிகள் குறுகலான சுழல்படிகள். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அறைகள் சிறியவை, பத்துப் பேர் நின்றாலே நெரிசல். டிக்கெட்டை முன்பதிவு செய்து, காலையில் திறந்தவுடன் போங்கள்.

எட்சிங்குகள் வெளிச்சத்தில் கெடும் என்பதால் மங்கல் விளக்கில், மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். ஜப்பானியத் தாளில் அச்சிட்ட பிரதி அன்றைக்கு வெளியே இருந்தால் அதன் முன் கொஞ்சம் நில்லுங்கள்: தாளின் இளமஞ்சளில் மை மெத்தென்று படிந்திருக்கும்.