பத்தாயிரத்து முப்பது ரூபாய்க்கு என் மகன் யார் என்று தெரிந்துகொண்டோம்

மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபத்தொரு ஆண்டுகளாக வேலை பார்ப்பவள் நான். அதனால் பில்லிலிருந்தே தொடங்குகிறேன். தொழில் வழிகாட்டல் கட்டணம் 8,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 1,530, ஆக 10,030 ரூபாய். இதற்குக் கிடைத்தவை மூன்று: கணினியில் ஒரு தேர்வு, 38 பக்க அறிக்கை, ஆலோசகருடன் ஒரு மணி நேரப் பேச்சு. முதல் இரண்டுக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய் கொடுக்கவே யோசிப்பேன். மூன்றாவதற்கு அவர்கள் கேட்ட முழுத் தொகையையும் கொடுக்கலாம்.

நிலையத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் அந்த ஆலோசகர் அம்மாவின் வேலைக்கு ஏதாவது பங்கம் வந்துவிடுமோ என்ற தயக்கம்தான். பெங்களூருவில் நாங்கள் இருக்கும் அல்சூரிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், இந்திரா நகர். அங்கே இப்படிப்பட்ட இடங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

மகன் கதிர் இரண்டாம் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தான். என்ன படிக்கப் போகிறாய் என்று யார் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான். மருந்து விற்பனைப் பிரதிநிதியான என் கணவருக்கு இந்தப் "பார்க்கலாம்" ஆகவே ஆகாது. அவரைப் பொறுத்தவரை பெங்களூருவில் பிறந்த பிள்ளைக்குக் கணினி அறிவியலைத் தவிர வேறு படிப்பு கிடையாது. இருவருக்கும் நடுவில் கிடந்து அலுத்துப்போய், ஒரு மூன்றாவது மனிதர் சொல்லட்டும் என்று நான்தான் பணத்தைக் கட்டினேன்.

காத்திருப்பு அறை நன்றாகத்தான் இருந்தது. ஏசி, காகிதக் கோப்பையில் காப்பி, சுவரில் சிரித்த முகத்தோடு மடிக்கணினியைப் பார்க்கும் இளைஞர்களின் படங்கள். அப்பாக்கள் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் எல்லாரும் மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கதிர் நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: இந்த வேலையைச் செய்வது உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா, நிச்சயமில்லையா. அலமாரி செய்வது பிடிக்குமா? சோதனைச்சாலையில் இரத்தத்தைப் பரிசோதிப்பது பிடிக்குமா? சரக்கு இருப்பைக் கணக்கெடுப்பது பிடிக்குமா? பதினேழு வயதுப் பையன் இதில் எதைத்தான் செய்து பார்த்திருக்கிறான்? இலையில் பரிமாறாத கறிக்கு உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்பதைப் போன்றது இது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் வெளியிட்ட கோட்பாடு ஒன்று இருக்கிறது. மனிதர்களையும் வேலைகளையும் அவர் ஆறு வகையாகப் பிரித்தார்: கையால் செய்பவர், ஆராய்பவர், கலையில் ஈடுபடுபவர், பிறருக்கு உதவுபவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்குபடுத்துபவர். உதவாத கோட்பாடு என்று சொல்ல மாட்டேன், உலகமெங்கும் புழங்குவதுதான். ஆனால் அதை வைத்து அமெரிக்கத் தொழிலாளர் துறை அறுபது கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் எழுதிப் பார்த்தேன். ஒழுங்குபடுத்துபவர் என்று வந்தது. "இதைக் கண்டுபிடிக்கத் தேர்வு வேறு வேண்டுமா? நம் வீட்டு மசாலா டப்பாக்களைப் பார்த்தாலே தெரியுமே" என்றார் கணவர்.

அறிக்கை நான்கு நாள் கழித்து மின்னஞ்சலில் வந்தது. 38 பக்கத்தில் என் மகனைப் பற்றியவை, தாராளமாக எண்ணினாலும், ஆறு. மற்றதெல்லாம் வட்டப்படங்களும் யாருக்கும் பொருந்தும் வாக்கியங்களும். "உங்களுக்குப் பொறுமை உண்டு, ஆனால் சில நேரங்களில் அவசரப்படுவீர்கள்." இதைக் கிளி ஜோசியர்கூடச் சொல்வார், கிளிக்கு நெல்மணி ஒன்று கொடுத்தால் போதும். 23ஆம் பக்கத்தில் கதிர் திடீரென்று பெண்ணாகிவிட்டான். வேறொரு பெண்பிள்ளையின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி, "அவள்" என்பதை மாற்ற மறந்துவிட்டார்கள். ஐந்து ரூபாய் இடித்தாலும் வவுச்சரைத் திருப்பி அனுப்புகிறவள் நான். இதைக் கண்ட பிறகு அறிக்கையின் மற்ற பக்கங்களை எப்படி நம்புவது?

முடிவாகச் சொன்ன தொழில்: தரவு அறிவியல். கதிரின் வகுப்பில் இன்னும் மூன்று பேர் அங்கே பணம் கட்டியிருந்தார்கள். மூவருக்கும் அதே தரவு அறிவியல்தான்.

இந்தத் துறையின் முன்னோடியாகச் சொல்லப்படும் ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டன் நகரில் வழிகாட்டல் அலுவலகம் ஒன்றைத் திறந்தவர். அவர் சொன்ன முறையில் மூன்று படிகள்: உன்னைத் தெரிந்துகொள், வேலையைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்த நிலையம் முதல் படியிலேயே முப்பத்தெட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது படிக்குச் சுவரில் ஒரு படம் மாட்டிவிட்டது.

இனி அந்த ஒரு மணி நேரம்.

ஆலோசகர் அறுபதைத் தாண்டிய அம்மாள், கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். எங்களுடைய கன்னடத்தைக் கேட்டுவிட்டு இரண்டாவது நிமிடத்திலேயே தமிழுக்கு மாறினார். அறிக்கை அவருடைய மேசையில் இருந்தது, ஆனால் அதைத் திறக்கவே இல்லை. "வீட்டில் எது உடைந்தால் உன்னைக் கூப்பிடுவார்கள்?" என்று கதிரைக் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்: மிக்ஸி. ஜாரின் அடியில் இருக்கும் ரப்பர்க் கப்ளர் தேய்ந்தால் சிவாஜி நகரில் தேடிப் பிடித்து வாங்கிவந்து அவனே மாற்றிவிடுவான். மாவரைக்கும் கிரைண்டரின் பெல்ட்டும் அவன் பொறுப்புதான். மாடிவீட்டு மிக்ஸிகூட எங்கள் வீட்டுக்கு வரும்.

"இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது பிடிக்குமா என்ற கேள்விக்கு என்ன போட்டாய்?"

"பிடிக்காது என்று போட்டேன்."

"ஏன்?"

"அது மிக்ஸிதானே, மேடம்."

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். அந்த இடத்தில்தான் என் பணம் எனக்குத் திரும்பக் கிடைத்தது என்பேன்.

பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வேலூரிலிருந்து வந்து தூரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையில் சேர்ந்தவர். 1948இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை அது, எங்கள் வீட்டில் ஐடிஐ என்றால் அதுதான். கதிருக்கோ ஐடிஐ என்றால் படிப்பு ஏறாதவர்கள் சேரும் இடம். தாத்தா அங்கேதான் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தார் என்றதும் ஒரு கணம் விழித்தான். அப்பாவுக்கு யாரும் எந்தத் தேர்வும் வைக்கவில்லை. அவருடைய மாமா விண்ணப்பத்தை வாங்கிவந்தார், இவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். கறுப்புத் தொலைபேசியின் சுழல்தட்டைப் பொருத்துவது அவர் வேலை. விரலை விட்டுச் சுழற்றி விட்டால் தட்டு நொடிக்குப் பத்துத் துடிப்பு என்ற கணக்கில் திரும்பி வர வேண்டும். கருவி வைத்துச் சோதிக்கும் முன்பே காதால் கேட்டுச் சொல்லிவிடுவார். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் யாருக்கும் பேசாமலேயே தொலைபேசியைச் சுழற்றிக் கேட்டு, "இது கொஞ்சம் சோம்பேறி" என்பார்.

ஆலோசகர் கடைசியாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். இரண்டு வேலைகளை முழு நாள் பார்க்க வேண்டும். முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்ப வேண்டும். மணிக்கொரு முறை, அவர்கள் சொல்வதை விட்டுவிட்டு, என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் எழுத வேண்டும். "சம்பளத்தைப் பிறகு கேட்கலாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்" என்றார்.

முதல் வேலைக்கு மாடிவீட்டு அக்கா உதவினாள். தரவுப் பகுப்பாய்வாளர், வீட்டிலிருந்தே வேலை. கதிரின் நோட்டில் இப்படி இருந்தது: "11 முதல் 1 வரை: தேதிகளைத் திருத்தினார். சில வரிகளில் மாதம் முன்னால், சில வரிகளில் நாள் முன்னால். 1 மணி: சாப்பாடு. 2 முதல் 4 வரை: மீட்டிங். அக்கா ஒருமுறை பேசினார்." அவனுக்குப் பிடிக்காமல் போகவில்லை. தேதித் திருத்தம் சுவாரசியமாக இருந்தது என்றுகூடச் சொன்னான்.

இரண்டாவது, பீனியாவில் என் அண்ணனின் பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு கிரைண்டிங், நான்கு ஆட்கள். கார் உதிரிபாகங்களுக்கான டை, அதாவது அச்சு, செய்கிறார்கள். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறிப் போனான். ஒரு நாள் என்று போனவன் பத்து நாள் போனான்.

முதல் நாள் தரையில் சுருள் சுருளாகக் கிடந்த இரும்புச் சீவலைக் கூட்டச் சொன்னாராம் அண்ணன். இரண்டாம் நாள் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, பன்னிரண்டு அங்குல அரத்தைக் கையில் கொடுத்து, ஒரு பக்கத்தை மட்டமாக ராவு என்றார். சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது நானே பார்த்தேன். கேட்பதற்கு எளிய வேலைதான். அரத்தை முன்னால் தள்ளத் தொடங்கும்போது முனையைப் பிடித்த இடது கையில் பாரம் இருக்க வேண்டும், தள்ளத் தள்ள அது கைப்பிடியில் இருக்கும் வலது கைக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அரம் ஏற்றப்பலகை போல ஆடும், இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மேடு தட்டிவிடும். கதிரின் துண்டு முதுகு வளைந்த பூனைக்குட்டி போல இருந்தது.

அண்ணன் அதன் மேல் மூலைமட்டத்தை நிறுத்தி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"வெளிச்சம் தெரிகிறதா?"

"தெரிகிறது, மாமா. இரண்டு ஓரத்திலும்."

"அப்படியானால் இன்னும் முடியவில்லை."

திட்டும் இல்லை, தட்டிக்கொடுப்பும் இல்லை. கதிர் மறுபடியும் துண்டை வைஸில் இறுக்கினான். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்திருந்தது. எனக்குச் சொல்லாமல் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தவன் கைகூடக் கழுவவில்லை. பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். என் எஃகு அளவுகோலை அதன் மேல் விளிம்பாக நிறுத்தி, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னான். ஒரு மூலையில் மட்டும் மயிரிழை போல வெளிச்சம். மாதக் கடைசியில் பதினேழு ரூபாய் வித்தியாசத்தைத் தேடி ராத்திரி வரை உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த மயிரிழை என்ன செய்யும் என்று தெரியும். "நாளைக்குப் போய்விடும்" என்றேன். "தெரியும்" என்றான்.

அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். போட்ட பணம் தொண்ணூறு நாள் கழித்துத்தான் வரும், ஆர்டர் இல்லாத மாதத்திலும் மின்கட்டணம் வரும் என்று பையனிடம் நேராகவே சொன்னார். "தொழில் பிடிக்கும். வசூல் பிடிக்காது" என்பது அவர் வாக்குமூலம்.

பத்து நாள் முடிந்ததும் அந்த இலவசத் தேர்வைக் கதிரை எழுதச் சொன்னேன். நிலையத்தின் அறிக்கையில் அடிமட்டத்தில் கிடந்த "கையால் செய்பவர்" இப்போது இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. இது ஆராய்ச்சி அல்ல, ஒரு வீட்டுக் கணக்கு, இரண்டும் ஒரே தேர்வும் அல்ல. ஆனாலும் பத்தாயிரம் கட்டுவதற்கு முன்னால் பத்து நாள் எங்காவது அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய தேசியத் தொழில் சேவைத் தளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்களைப் பற்றிய விவரம் காசில்லாமல் கிடைக்கிறது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்றைய நிலை: சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறான், மெக்கானிகல் கிடைத்தால் பார்க்கலாம். ராஜாஜி நகரில் 1972இல் டென்மார்க் நாட்டு உதவியோடு தொடங்கிய அரசுக் கருவிக்கூடப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே டூல் அண்ட் டை டிப்ளமோவுக்கும் விசாரித்திருக்கிறோம். மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு தொழிற்சாலைப் பயிற்சி. பத்தாவது முடித்தவர்களே சேரும் படிப்புக்குப் பி.யூ.சி.யில் இரண்டு வருடம் எதற்குப் படித்தான் என்று என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அல்சூர் ஏரிக்கரையில் நடக்கும்போது வள்ளுவர் சிலையைத் தாண்டியதும், "முடித்தவுடன் என்ன சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட நிலையத்துக்குப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள். பேசப் போகிறவர் யார்? எத்தனை நிமிடம்? தேர்வும் அறிக்கையும் வேண்டாம், பேச்சுக்கு மட்டும் கட்டணம் சொல்லுங்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். தனியாகக் கிடையாது, மொத்தமாகத்தான் என்றார்கள். சனிக்கிழமையில் வேண்டாம். அன்று அந்த அம்மாள் வருவதில்லை. இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுகிறாராம்.

ஒரு எச்சரிக்கை. கூடுதலாக 4,000 ரூபாய் கட்டினால் விரல்ரேகையை வைத்து மூளையின் இயல்பான திறமையைச் சொல்கிறோம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். இந்த வகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் வாரத்துக்கு ஒருமுறை அழைப்பு வருகிறது. போன வாரமும் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, "மேடம், பத்து விரலும் எடுப்போம்" என்றாள். வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டைவிரல் ஒன்றே போதுமாம், பரம்பரைக்கே சுவடி எடுத்துக் கொடுப்பார்களாம், போக வர ரயில் டிக்கெட் போட்டாலும் உங்களைவிட மலிவு என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது எந்த ஏரியா, மேடம்?" என்று கேட்டாள்.