திருவல்லிக்கேணி மேன்ஷன்: ராத்திரி வேலைக்காரன் பார்வையில்

நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை. கடைசிப் பதிப்புக்குப் பக்கம் அனுப்பிவிட்டு வெளியே வர ராத்திரி ஒன்றரை, சில நாள் இரண்டு ஆகிவிடும். மெட்ரோ பதினொன்றோடு சரி. ஆட்டோக்காரர் அந்த நேரத்தில் கேட்பதைத் தினமும் கொடுத்தால் சம்பளம் தாங்காது. அதனால் அண்ணா சாலையிலிருந்து நடந்தே போய்ச் சேருகிற தூரத்தில் அறை தேடினேன். கிடைத்தது திருவல்லிக்கேணி பெரிய தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பழைய மேன்ஷன். குறைகளும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

பிடித்த விஷயம், கேட். எப்போது போனாலும் வாட்ச்மேன் அண்ணன் முகம் சுளிக்காமல் திறப்பார். முன்பு விசாரித்த ஒரு பிஜியில் பத்தரைக்குப் பூட்டிவிடுவார்களாம், லேட்டாக வந்தால் ஆபீஸ் லெட்டர் வேண்டுமாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. பக்கத்து அறைத் தம்பிக்கு ஓட்டலில் நைட் டியூட்டி, எதிர் அறைக்காரர் ரிச்சி தெருவில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறார். சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் என் நண்பன் சாலிகிராமத்தை விட்டு நகரமாட்டான், ஐடி நண்பர்களுக்குப் பெருங்குடி, சோழிங்கநல்லூர். அவரவர் பிழைப்பு அவரவரை அங்கங்கே கட்டிப்போட்டிருக்கிறது.

அறை எட்டுக்குப் பத்து. இரும்புக் கட்டில், சுவர் அலமாரி, ஃபேன். வாடகை 6,000 ரூபாய், கரண்ட் தனி. பாத்ரூம் பொது.

தண்ணீர்தான் தலைவலி. காலையில் மோட்டார் போடுவார்கள். ஆபீஸ் போகிறவர்கள் குளித்து முடிப்பதற்குள் டேங்க் காலி. பத்தரைக்கு எழுந்து குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்றுதான் வரும். மேனேஜரிடம் சொன்னால், "கொஞ்சம் சீக்கிரம் எந்திரிங்க சார்" என்கிறார். மூன்று மணிக்குப் படுத்தவனிடம்! இப்போது ராத்திரி வந்ததுமே ஒரு பக்கெட் பிடித்து அறைக்குள் வைத்துக்கொள்கிறேன். அதுவும் உப்புத் தண்ணீர், சொம்பில் வெள்ளைத் திட்டு படிகிறது. குடிக்கக் கேன்தான்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. 1948-இல் தொடங்கிய ரத்னா கஃபே பக்கத்திலேயே இருக்கிறது. இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள்.

பைக் நிறுத்த இடமில்லை. பெண்களுக்கு அனுமதி கிடையாது, ஊரிலிருந்து அம்மா வந்தாலும் கீழே பெஞ்சோடு சரி. அப்புறம், பகலில் தூங்குகிறவர்கள் பின்பக்க அறையாகக் கேட்டு வாங்குங்கள். தெருப்பக்கம் எட்டு மணிக்கே ஹாரன் ஆரம்பித்துவிடும்.

ஐந்துக்கு மூன்றரை. பத்தரைக்கும் குழாயில் தண்ணீர் வந்தால் நாலரை தருவேன்.