பேப்பருக்குள் வரும் டியூஷன் நோட்டீஸ்: மூன்று மாதப் பணத்தை முன்னாடியே கட்டிவிடாதீர்கள்

காலாண்டு மார்க் வந்த வாரத்திலும் அரையாண்டு லீவிலும் வேலூரில் வீட்டு டியூஷன் நோட்டீஸ்கள் குவியும். சத்துவாச்சாரி, காந்தி நகர், பாகாயம் பக்கமெல்லாம் காலையில் பேப்பரைப் பிரித்தால் ஒன்றாவது கீழே விழும். 'அனுபவமுள்ள எம்.எஸ்ஸி., பி.எட். ஆசிரியர்கள் உங்கள் வீட்டுக்கே வருவார்கள், மார்க் வராவிட்டால் பணம் வாபஸ்' என்று அதில் போட்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் போன் போடுங்கள். அப்படி ஓர் ஏஜென்சியில் நாங்கள் கட்டியது 16,500 ரூபாய். புகார் இன்னும் நடக்கிறது, அதனால் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பலன் இருக்காது. பெயரை மாற்றுவதற்கு அவர்களுக்கு ஆவது ஒரு போர்டு செலவு. அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

எங்கள் பெண் பத்தாவது படிக்கிறாள், மாநிலப் பாடத்திட்டம். காலாண்டில் கணக்கில் 41. வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நான் ஓர் ஆஸ்பத்திரியில் பில்லிங்கில் இருக்கிறேன், வீடு வந்து சேர ஏழரை ஆகும். வீட்டில் மாமியார் இருக்கிறார். பெண் சாயங்காலத்தில் வெளியே அலைய வேண்டாம், ஆள் வீட்டுக்கே வரட்டும் என்று முடிவு செய்தோம்.

காட்பாடி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். சுவரில் 490, 495 மார்க் எடுத்த பிள்ளைகளின் போட்டோக்கள். எந்தப் பள்ளி என்று மட்டும் எந்தப் போட்டோவின் கீழும் இல்லை. அங்கே இருந்த அம்மா ரொம்ப நன்றாகப் பேசினார். "மேடம், எங்ககிட்ட கவர்ன்மென்ட் ஸ்கூல் சாருங்களே இருக்காங்க" என்றார். இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் அங்கேயே உஷாராகிவிடுங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று சொல்கிறது. ரிடையர் ஆனவர் என்றால் அது வேறு விஷயம். இப்போது அரசுப் பள்ளியில் வேலையில் இருப்பவரை அனுப்புகிறோம் என்றால், ஒன்று அது பொய், இல்லை சட்டத்தை மீறிய வேலை.

பதிவுக் கட்டணம் 1,500. மாதம் 5,000 வீதம் மூன்று மாதம் முன்பணம். "மாசா மாசம் கட்டறோமே" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "சார் பாதியில நின்னுட்டார்னா பாப்பாவுக்குத்தானே சார் கஷ்டம்? முழுசா கட்டிட்டீங்கன்னா நாங்க அவரை விடாம புடிச்சு வைப்போம்" என்று பதில் வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில் பிடித்து வைக்கப்படுவது நாம்தான். மூன்று மாதப் பணம் அவர்கள் கைக்குப் போன பிறகு நம்மிடம் சண்டை போடக்கூட ஒன்றும் மிச்சம் இருக்காது. ரசீது கையால் எழுதியது, முகவரி இல்லை. பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப்: 'செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.' நோட்டீஸில் வாபஸ், ரசீதில் வாபஸ் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், புகாருக்கு அதுதான் இப்போது உதவுகிறது.

ஆசிரியரின் சர்டிபிகேட் நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். போட்டோ இருக்கும் இடம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. ஒரிஜினலை எடுத்து வரச் சொல்லுங்கள் என்றதற்கு, முதல் கிளாஸுக்கு வரும்போது கொண்டுவருவார் என்றார்கள். வந்தது மீசைகூட முழுசாக வளராத ஒரு பையன். கேட்டால், "அந்த சார் ஊருக்குப் போயிருக்கார் மேடம், இவர் அவரோட அசிஸ்டென்ட், ரெண்டு வாரம்தான்" என்று ஆபீஸில் சொன்னார்கள். அந்த சார் கடைசி வரை ஊரிலிருந்து வரவே இல்லை. பையன் மரியாதையான பிள்ளைதான், ஆன்ட்டி ஆன்ட்டி என்று பேசுவான். ஆறு மணி கிளாஸுக்கு ஆறே முக்காலுக்கு வருவான். கிரீன் சர்க்கிள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்பான், வேலூரில் அந்தக் காரணத்தை யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நோட்டு விஷயம். நோட்டு அவ்வளவு அழகாக இருந்தது. தலைப்புக்குச் சிவப்புக் கோடு, விடைக்குக் கட்டம், பக்கம் பக்கமாகக் கணக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை டெஸ்ட், 50-க்கு 46, 48. அந்த மார்க்கை ஏஜென்சி ஒரு கலர் அட்டையில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பும். நான் அதை என் தங்கைக்குக்கூட அனுப்பினேன். நடந்தது என்னவென்றால், அவன் ரஃப் பேப்பரில் கணக்கைப் போட்டுக் காட்டுவான், இவள் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். வியாழக்கிழமை எழுதிய அதே கணக்குகள், அதே எண்களோடு, சனிக்கிழமை டெஸ்ட்டில் வரும். ஞாபகசக்தி இருக்கிற எந்தப் பிள்ளையும் 46 எடுக்கும். பெண்ணும் பொய் சொல்லவில்லை. தனக்குக் கணக்கு வந்துவிட்டது என்றே நம்பினாள்.

அரையாண்டில் 38.

எங்கள் மாடி வீட்டில் ரிடையர் ஆன கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். விடைத்தாளை வாங்கிப் பார்த்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார். "இன்னாம்மா, ஜியாமெட்ரியும் கிராஃபும் தொடவே இல்லையே?" என்றார். பத்தாவது கணக்குத் தாளில் கடைசிப் பகுதி 16 மார்க். வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, இரண்டிலும் 'அல்லது' உண்டு. பாஸ் மார்க் 35 எடுக்கவே திணறும் பிள்ளைக்குக்கூட எந்த வாத்தியாரும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் பழகினால் கைக்கு வந்துவிடும். அந்த அழகான நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினோம். ஓர் இடத்தில்கூடக் காம்பஸ் முள் குத்திய துளை இல்லை. டீச்சர் அவளை உட்காரவைத்து, நோட்டில் இருந்த காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றை எடுத்து எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அவளால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அதைச் சோதிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பையனைக் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். காட்பாடிப் பக்கம் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறான். 12-வது வரை சி.பி.எஸ்.இ., நம் மாநிலத் தாள் எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை. நாங்கள் கட்டும் 5,000-த்தில் அவன் கைக்குப் போனது 1,800. வேலை தருவதற்கு அவனிடமும் 1,000 ரூபாய் டெபாசிட் வாங்கியிருக்கிறார்கள், அதுவும் திரும்பவில்லை. இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. எம்.எஸ்ஸி. சர்டிபிகேட் கதையைக் கேட்டு எங்களைவிட அவன்தான் அதிர்ந்துபோனான்.

ஏஜென்சியில் போய்ச் சத்தம் போட்டதும் ஆள் மாற்றித் தருகிறோம் என்றார்கள். லேடி டீச்சர் வேண்டும் என்று கேட்டோம், சரி என்றார்கள். வந்தது முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். இவர் கணக்கு நன்றாகவே போட்டார். ஆனால் முதல் வாரத்திலேயே, ஹாலில் டிவி சத்தம், உள் ரூமில் உட்காரலாம் என்றார். டிவியை அணைத்துவிட்டோம். ஃபேன் சத்தம் என்றார். அப்புறம் ஒருநாள் அவராகவே உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறார். என் மாமியார் எழுந்து போய்த் திறந்து, "இன்னாப்பா, கணக்குச் சொல்லித்தர கதவு எதுக்குச் சாத்தணும்?" என்று கேட்டுவிட்டு, வாசல்படியிலேயே கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு பெண்ணின் போனைப் பார்த்தோம். பத்தரை மணிக்கு மேல் 'சாப்பிட்டியா', 'தூங்கலையா', 'அம்மாகிட்ட சொல்லாத' என்று மெசேஜ்கள். மறுநாளே நிறுத்திவிட்டோம். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினோம். அதற்கு மேல் நடந்ததை இங்கே எழுத முடியாது. 'அம்மாகிட்ட சொல்லாத' என்று ஒரு வாத்தியார் சொன்னால், விஷயம் சாக்லேட்டாக இருந்தாலும் அன்றோடு அவரை நிறுத்துங்கள். யாரும் அதற்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இதற்கு ஏஜென்சியின் பதில் என்ன தெரியுமா? "நாங்க ஆள் மாத்திக் கொடுத்துட்டோம் மேடம், வேணாம்னு சொன்னது நீங்கதான். அதுக்கு நாங்க பொறுப்பில்ல." பிறகு ஜனவரியில் அதே நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்: பப்ளிக் எக்ஸாமில் 'உறுதியாக வரும்' கேள்விகள், 3,000 ரூபாய். இதற்கும் பணம் கட்டுகிற பெற்றோர் இருக்கிறார்கள் என்றால் ஆச்சரியப்பட மாட்டேன், பிப்ரவரி பயம் அப்படி. முந்தைய வருடத்து வினாத்தாள்கள் எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கும், பாடப்புத்தகம் அரசு இணையதளத்தில் இலவசம்.

இப்போது பெண் அலமேலுமங்காபுரத்தில் ஓர் அம்மாவிடம் போகிறாள். மாடி வீட்டு டீச்சர் சொல்லித்தான் தெரியும். ஹாலில் ஐந்து பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிறார்கள், வாசல் திறந்தே இருக்கும், மாதக் கடைசியில் 1,200. சேர்ப்பதற்கு முன் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசினேன். போன் நம்பர் வாங்கிப் பேசுவதைவிட நேரில் போவது நல்லது, ஏனென்றால் ஏஜென்சி கொடுத்த 'பேரன்ட்' நம்பர் இரண்டிலும் ஒரே குரல் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அம்மா முதல் நாளே கேட்டது அரையாண்டு விடைத்தாளை. இந்த ஒரு விஷயத்தை வைத்தே நீங்கள் ஆளை எடை போடலாம். பிள்ளையின் விடைத்தாளைப் பார்க்காமல், எந்தப் பாடத்திட்டம் என்று கேட்காமல் ஃபீஸ் பேசுகிறவர்கள் யாராக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு ஆள் வைக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு கிளாஸ் எடுக்கச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பாடம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. கணக்கைப் பிள்ளை போடுகிறதா, அவர் போடுகிறாரா என்று பார்த்தால் போதும். ஆதாரும் சர்டிபிகேட்டும் ஒரிஜினலைப் பாருங்கள், இப்போது குடியிருக்கும் வீடு எங்கே என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். மெசேஜ் எல்லாம் அம்மா அல்லது அப்பா நம்பருக்கு மட்டும். மாதம் ஒருமுறை, டியூஷனில் போட்ட கணக்கில் எண்ணை மாற்றி நீங்களே கொடுத்துப் பாருங்கள். பணம் மாதக் கடைசியில், சொல்லிக்கொடுக்கிறவர் கையிலேயே.

டியூஷன் எடுக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. 'நான் மிலிட்டரியில் இருக்கிறேன், என் மகளுக்கு டியூஷன் வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் பணத்தில், பதிவுத் தபாலில் கடிதம் போன பிறகு 5,000 திரும்ப வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம், மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி ஜெராக்ஸ் கடை மாடியில் பணம் கட்டியவர்கள் இருந்தால் நோட்டீஸ், ரசீதின் இரண்டு பக்கம், ஜிபே விவரம், வாட்ஸ்அப் மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தனித்தனியாகவே புகார் கொடுங்கள். நாங்கள் கடிதத்தில் எழுதியது மூன்றே விஷயம்: நோட்டீஸில் சொன்னது என்ன, அனுப்பியது யாரை, திருப்பிக் கேட்ட தேதி எது. அது ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது.