இலவச வக்கீலா, மக்கள் நீதிமன்றமா?

வசதியில்லாதவர்களுக்கு இலவச வக்கீல் தருவது, இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்), இரண்டையும் நடத்துவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுதான். ஆனால் எந்தப் பிரச்சினைக்கு எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

கைது என்றால் யோசிக்கவே வேண்டாம், வக்கீலைக் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே, "எனக்கு இலவச வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, இலவச வக்கீல் பெற, காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தார் சட்ட உதவி எண்ணான 15100க்கு போன் செய்தும் உதவி கேட்கலாம். இது தெரியாமல் வக்கீல் ஃபீஸுக்காகத் தாலியை அடகு வைப்பது கொடுமை.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் மக்கள் நீதிமன்றம் நல்ல வழி. வாடகை பாக்கி, அட்வான்ஸ், காலி செய்ய அவகாசம் எல்லாவற்றையும் பேசி முடிக்கலாம். நிலுவை வழக்கு சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை. அதனால் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

விவாகரத்தை மக்கள் நீதிமன்றம் தராது. ஜீவனாம்சம் போன்றவற்றை அங்கே பேசலாம். கணவர் அடிக்கிறார் என்றால் சமரசத்துக்கு உட்காராதீர்கள், முதலில் வக்கீல்.