எஃப்.பி.ஏ.வா, ஈஸி ஷிப்பா? ரிட்டர்னை வைத்துப் பார்த்தால்

எஃப்.பி.ஏ. என்றால் நம் சரக்கை அமேசான் கிடங்கில் வைத்து, பேக்கிங், டெலிவரி எல்லாம் அவர்களே பார்ப்பது. ஈஸி ஷிப் என்றால் சரக்கு நம்மிடம் இருக்கும், அமேசான் வந்து எடுத்து டெலிவரி செய்யும். அமேசான் இந்தியாவில் விற்பவர்கள் இந்த இரண்டின் கட்டணத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். சரக்கு திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் பார்ப்பதில்லை.

எஃப்.பி.ஏ.வில் ரிட்டர்ன் அமேசான் கிடங்குக்கே போகும். மறுபடி விற்கலாமா கூடாதா என்பதும் அங்கேயே முடிவாகும். ஒருமுறை உடுத்திய சேலை புதுசாக இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும் ஆபத்து இங்கேதான். ஒற்றை ஸ்டார் நம் தலையில் விழும். விற்க முடியாது என்று ஒதுக்கிய சரக்கைத் திரும்ப எடுக்க ரிமூவல் ஆர்டர், அதற்குத் தனிக் கட்டணம். கிடங்கு முகவரியை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகவும் சேர்க்க வேண்டும்.

ஈஸி ஷிப்பில் பேக்கிங் நம் வேலை, ரிட்டர்னும் நம் கைக்கே வரும். வாடிக்கையாளர் பொருளை மாற்றித் திருப்பி அனுப்பியிருந்தால் சேஃப்-டி கிளெய்ம், அதாவது அமேசானிடம் இழப்பீடு கேட்டு மனு, போடலாம். பலர் கோட்டை விடுவது இதற்கு ஆதாரமாக எடுக்கும் வீடியோவில்: டேப்பை வெட்டிய பிறகுதான் கேமராவை ஆன் செய்வார்கள். முதலில் பார்சலின் ஆறு பக்கமும், அடுத்து ஏர்வேபில் எண் (பார்சலின் டிராக்கிங் எண்) படிக்கும்படி லேபிள், பிறகு வெட்டு, கடைசியாகப் பொருளும் அதன் சீரியல் எண்ணும். எல்லாம் ஒரே ஷாட்டில், நடுவே நிறுத்தாமல். அனுப்பும் அன்றும் இதேபோல் ஒன்று எடுத்து ஆர்டர் எண் போட்டுச் சேமியுங்கள். கிளெய்முக்குக் கெடு உண்டு. வந்த பார்சலை மூலையில் குவிக்காமல் அன்றே பிரியுங்கள்.

வேகமாக ஓடும் மலிவுச் சரக்குக்கு எஃப்.பி.ஏ. போதும். பட்டுச்சேலை, ஹெட்போன் போல மாற்றி அனுப்ப ஆசை வரும் பொருளை ஈஸி ஷிப்பில் வையுங்கள். ஒரே கணக்கில் பொருள்வாரியாக இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.