பெர்லின் தற்காப்புக்கான காணொளிப் பயிற்சி: எட்டாவது நகர்வு தெளிவு, நான்காவது நகர்வு இருட்டு

சதுரங்கத்தில் வெள்ளை ஆடும் ரூய் லோபஸ் தொடக்கத்துக்குக் கறுப்புக் காய்களில் பதில் தேடிக்கொண்டிருந்த நான், அப்பதில்களில் ஒன்றான பெர்லின் தற்காப்பைக் கற்றுத்தரும் ஒரு காணொளித் தொகுப்பை வாங்கி, முழுவதும் பார்த்து, அதை நம்பி ஒரு ரேட்டிங் போட்டியிலும் ஆடிய பிறகே இதை எழுதுகிறேன்.

தொகுப்பின் பலம் அதன் இறுதியாட்டப் பகுதி, அதாவது ராணிகள் போன பிறகு ஆடும் பகுதி. எட்டாவது நகர்விலேயே ராணிகள் வெட்டுப்பட்டு, கறுப்பு ராஜா கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும்) உரிமையை இழந்து டி8 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் தயக்கம் வரும். 2000-இல் லண்டனில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக் இதே நிலையை நம்பி ஆடினார். பட்டத்தைத் தக்கவைக்க ஆடிய காஸ்பரோவால் அந்த உலக சாம்பியன் போட்டியில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. பயிற்சியாளர் இந்த வரலாற்றைச் சொல்வதோடு நிற்கவில்லை. சி வரிசையில் இரட்டைச் சிப்பாய்களை (ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவற்றை) சுமக்கும் கறுப்புக்கு இரண்டு பிஷப்புகள் எவ்வாறு ஈடாகின்றன, எஃப்5 குதிரையை வெள்ளை ஜி4-க்குச் சிப்பாயைத் தள்ளி விரட்டாதிருக்க, கறுப்பு எச்5-க்குச் சிப்பாயைத் தள்ளுவது எப்போது தேவை, ராஜா இ8-க்குத் திரும்புவதா சி8 பக்கம் ஒதுங்குவதா என்பதையெல்லாம் அவசரமின்றி விளக்குகிறார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளை நான்காவது நகர்வில் கோட்டை கட்டாமல் டி3 (சிப்பாயை அந்தக் கட்டத்துக்கு நகர்த்துவது) ஆடினால், சி6 குதிரையை இ7-க்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அதில் ஒரு பழைய பொறி உண்டு: வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டினால், கறுப்பு தன் சிப்பாயைச் சி6-க்குத் தள்ளிப் பிஷப்பைத் தாக்கலாம், பிஷப் விலகினால் ராணி ஏ5-இல் செக் கொடுத்துக் குதிரையைத் தூக்கிவிடும். குதிரை சி4-க்குப் பின்வாங்கும்போது ஆசைப்பட்டுப் பிஷப்பை வெட்டினால் டி6-இல் மேட் என்று எச்சரிப்பதும் சரிதான். ஆனால் வெள்ளை அந்தச் சிப்பாயைத் தொடாவிட்டால் என்ன செய்வது என்பதற்குப் பதிலே இல்லை. என் எதிராளி தொடவில்லை; நிதானமாகக் குதிரையைச் சி3-இல் வைத்தார். என் இ7 குதிரையே என் எஃப்8 பிஷப்பின் வழியை மறித்துக்கொண்டிருக்க, இருபது நிமிடம் யோசித்தும் திட்டம் எதுவும் பிடிபடாமல் தோற்றேன்.

2013-இல் சென்னையில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் இதே டி3 ஆடியபோது, அவரை எதிர்த்துக் கறுப்பில் ஆடிய கார்ல்சன் பிஷப்பைச் சி5-இல் வைத்து, கோட்டை கட்டி, ஆட்டத்தை வென்றார். இவ்வளவு இயல்பான வழியைத் தொகுப்பு விட்டுவிட்டது எனக்கு விளங்கவில்லை. இறுதியாட்டப் பகுதிக்காக நான் மறுபடியும் வாங்குவேன். டி3-க்கு மட்டும் அந்த ஆட்டத்தை நகர்வு நகர்வாகப் பார்த்து நானே தயாரித்துக்கொண்டேன்.