திண்ணைத் தூண் வேலை: ஆசாரிய நம்பலாம், அவரு சொல்ற தேதிய நம்பாதீங்க

மாயவரம் பக்கத்துல எங்க தாத்தா கட்டுன ஓட்டு வீடு, வாசத் திண்ணையில 6 தேக்குத் தூண். ஐப்பசி மழை விட்டதும் பாத்தா ஒரு ஓரமா ஓட்டு வரிசை தொங்கிப்போய் தண்ணி திண்ணை மேலயே சொட்டுது. முதல்ல வந்த கான்ட்ராக்டர் செருப்பக்கூட கழட்டல, வாசல்ல நின்னே பாத்துட்டு எல்லாத்தயும் இடிச்சு காங்கிரீட் தூண் போட்டு மேல ஷீட் மாட்டிரலாம், ஒன்னரை லட்சம்னாரு. அம்மாவுக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

அப்புறம்தான் பழைய வீட்டு மரவேலை மட்டும் பாக்குற ஒரு ஆசாரி கெடச்சாரு. வந்து பாக்கவே 500 ரூவா, வேலை குடுத்தா கழிச்சிக்கிறாரு. நான் பெருசா நினைக்கல, ஆனா ஒவ்வொரு தூணயும் அடியிலேந்து மேல வரைக்கும் கட்டைச் சுத்தியால தட்டி காதுகுடுத்துக் கேட்டாரு பாருங்க. நல்ல மரம் கணீர்னு கேக்குது, அரிச்ச எடம் வந்தா பொத்து பொத்துன்னு கேக்குது. ரெண்டாவது தூண் அடில ஸ்க்ரூ டிரைவர வச்சு குத்துனாரு, பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு! பெயின்ட் மட்டும்தான் தூணா நின்னுட்டிருந்திருக்கு. அப்புறம் தூக்குக்குண்டு விட்டு சாய்வு பாத்துட்டு, ஏணி போட்டு ஏறி உத்தரத்தயும் குத்திப் பாத்தாரு, அது போயிருந்தா தூண மட்டும் சரி பண்றது வேஸ்ட்டாம். நல்ல காலம், உத்தரம் கல்லு மாதிரி இருந்துச்சு.

"மரத்துல ஈரம் ஏறக்கூடாதுன்னுதான் தம்பி அடில கருங்கல் வச்சிருக்காங்க, அதப் பொதச்சு சிமெண்டு கிண்ணத்துக்குள்ள தூண நட்டு வச்சிருக்கீங்களே"ன்னாரு. 10 வருசம் முன்னாடி திண்ணைய ஒசத்தி டைல்ஸ் போட்டது என் ஐடியா. நான் வாயே தொறக்கல.

வேலைன்னு பாத்தா, ரெண்டு பக்கமும் முட்டு குடுத்து லாரி ஜாக்கி வச்சு உத்தரத்த ரெண்டே நூல் தூக்குனாரு, அதாவது கால் இஞ்சு, அதுக்கு மேல ஆசப்பட்டா ஓடு பூரா விரியும்னாரு. அரிச்ச ஒன்னேகால் அடிய அறுத்துட்டு, இடிச்ச வீட்டுலேந்து வந்த பழைய தேக்குல ஒரு துண்ட பாதிக்குப் பாதி செதுக்கி மேல் மரத்தோட சேத்து போல்ட்டு போட்டு, போல்ட்டுத் தலைய மரத்தக்கையால மூடிட்டாரு. இன்னொரு தூண்ல அடி 4 இஞ்சுதான் கெட்டிருந்துச்சு, அதுக்கு மரமே சேக்கல, அறுத்துட்டு ஒசரமான கல்லா மாத்திட்டாரு. டைல்ஸயும் தூணச் சுத்தி வெட்டி எடுத்துட்டு, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவுல ஈயத்தகடு, கரையானுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டுலேந்து எடுக்குற எண்ணெய் (ஒரு வாரம் வீட்டுக்குள்ள நுழைய முடியல, அப்படி ஒரு நாத்தம்).

மரம் கல்லு எல்லாம் சேத்து 38,000 ஆச்சு. கொறை இல்லாம இல்ல. 4 நாள்னு சொல்லி 17 நாள் இழுத்தாரு, நடுவுல யாரோ வீட்டு நெலைவாசல் முகூர்த்தம்னு போனவரு போன்கூட எடுக்கல, முட்டுக்கட்டைக்கு நடுவுல குனிஞ்சு குனிஞ்சு அம்மாவுக்கு இடுப்பு போச்சு. நாட்டு ஓடு ஒரு 20 ஒடஞ்சுது, அது நம்ம கணக்குதானாம். ஒட்டுப்போட்ட எடம் கலர் வேறயா தெரியுது, ரெண்டு வெயில் பட்டா சரியாயிடும்னு சொல்லிருக்காரு.

வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி ரேட் கேக்காதீங்க, தட்டிப் பாக்காம சொல்ல மாட்டாரு. மிச்ச 4 தூணுக்கும் பங்குனில வரச் சொல்லிருக்கோம், அவரு பங்குனின்னா நான் வைகாசின்னு எழுதி வச்சிருக்கேன்.